சாய்ந்த கட்டம்

பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் கனகம் முதலில் பார்ப்பது கழுத்தையும் கன்னத்தையும்தான். நெய்வேலியிலிருந்து கடலூர் போகும் காலை பஸ்ஸில் அவருடைய ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளும் ஏறுவார்கள். தோலில் ஊதா மைக்கோடு அழியாமல் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.

புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் பிரிவில் அவர் பிஸிஸிஸ்ட். கட்டி எங்கே என்று டாக்டர் சொல்வார். கதிர் எந்தப் பக்கமிருந்து, எந்தச் சாய்வில், எவ்வளவு நேரம் பாயவேண்டும் என்று கணக்குப் போடுவது கனகம். ஈயக் கம்பியை நோயாளியின் தாடையோடு வளைத்து, அந்த வளைவைத் தாளில் வரைந்துகொள்வார். கதிர் விழவேண்டிய இடத்தைத் தோலில் ஊதா மையால் கட்டம் போட்டுவிடுவார்; சிகிச்சை முடியும்வரை அது அழியக்கூடாது. பழக்கதோஷம், காய்கறிக் கடையில் பூசணிக்காயையும் உள்ளங்கையால் அணைத்துப் பார்ப்பார். பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்து, பம்பாயில் பயிற்சி முடித்தவர். சென்னையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தபோது போகவில்லை. கணவர் வேலுமணிக்கு மைன்ஸில் ஷிப்ட். குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரம், பஸ்ஸில் ஜன்னலோர இடம். இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறது நம்ம நெய்வேலி. நீங்க கரண்ட் வைக்க கடலூர் போறீங்களேம்மா!" என்று கண்டக்டர் சிங்காரவேல் அடிக்கடி சீண்டுவார். கதிர் சிகிச்சைக்கு நோயாளிகள் வைத்த பேர் கரண்ட்.

"அதை மைன்ஸ் பாத்துக்கும். இந்தக் கரண்ட்டுக்கு மீட்டர் நான்தானே?" என்பார் கனகம்.

தீபாவளிக்கு மறுநாள் மட்டும் அவருக்கு இந்தப் பேச்செல்லாம் வராது. எண்ணெய் முழுக்கில் யார் யார் கோடு போயிற்றோ என்ற கவலை.

இந்த வருஷம் கம்மாபுரத்து மாரியம்மாள் மருமகள் செல்லக்கிளியோடு வந்து பஸ் ஏறினார். புகையிலை கொடுத்த கன்னப் புற்று அவருக்கு. கன்னத்தில் கட்டம் பளிச்சென்று, மிக நேர்த்தியாக, நேராக இருந்தது. கனகம் குனிந்து பார்த்தார். அவர் போட்டது சாய்ந்த கட்டம். மேல் கோடு கண்ணுக்குக் கீழே சரிந்து போகவேண்டும். அந்தக் கோடு நிமிர்ந்தால் கதிர் கண்ணில் விழும்.

"யாரு போட்டது இது?"

மாரியம்மாள் முந்திக்கொண்டார். "தீவாளிக்கு முழுவாம எப்பிடிங்க இருக்கறது? தலைக்குத்தான் ஊத்திக்கினேன். சீயக்கா வழிஞ்சி கோடு பூட்டுது. இவதான் புள்ளையோட பேனா மையில போட்டா. இவ கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும்ங்க."

"முன்ன கோணலா இருந்திச்சிங்க. யாரோ அவசரத்துல போட்டுட்டாங்கன்னு நேராக்கிட்டேன்" என்றாள் செல்லக்கிளி, பெருமையாக.

"அந்த யாரோ நான்தாம்மா."

சிங்காரவேல் சிரித்துவிட்டார். கனகம் சிரிக்கவில்லை. "கண்ணுல படாம இருக்கத்தான் சாய்ச்சிருந்தேன். இதோட மெஷினுக்குக் கீழே படுத்திருந்தா அத்தைக்குக் கண்ணு கெட்டிருக்கும்."

செல்லக்கிளியின் முகம் செத்துவிட்டது. மாரியம்மாள் கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்ட்ட நிறுத்திடுவீங்களாம்மா? பாதி வச்சாச்சே."

"எதுக்கு நிறுத்தறது? பக்கத்துல உக்காருங்க."

ஆஸ்பத்திரியில் செல்லக்கிளி போட்ட கட்டத்தைக் கனகம் பஞ்சால் துடைத்தார். காது மடலிலிருந்தும் வாயோரத்திலிருந்தும் அளந்து, தன் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துப் புள்ளிகள் வைத்தார். டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்துப் போனார். கனகம் ஊதா மையில் தோய்த்த குச்சியைச் செல்லக்கிளியிடம் நீட்டினார்.

"நீ இழு."

"வாணாங்க! நான் பண்ணதே போதும்."

"நடுங்காத கை உனக்கு. புள்ளியை மட்டும் பாத்து இழு. வீட்டுல அழிஞ்சா தொடாம அப்படியே கூட்டிட்டு வந்துடு."

செல்லக்கிளி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பாதி வழியில் குச்சி தன் பழக்கத்துக்கு நிமிரப் பார்த்தது. கனகம் மாரியம்மாளின் கண்ணுக்குக் கீழே தன் சுண்டுவிரலை அணையாக வைத்தார். கோடு அந்த விரலை உரசிக்கொண்டு சரிந்து இறங்கியது.