மேல்வீட்டுப் பாப்பாவின் பாட்டு

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் அக்கா, தன் மகளின் பிறந்தநாளுக்குக் குழந்தைப் பாட்டு ஆல்பம் ஒன்று சொல்லி வாங்கினார். பிள்ளையின் பெயரை அனுப்பினால் போதுமாம். குளிக்க ஒன்று, சாப்பிட ஒன்று, தூங்க ஒன்று என்று எல்லாப் பாட்டிலும் அந்தப் பெயரையே கூப்பிட்டுப் பாடி அனுப்பிவிடுகிறார்கள்.

காலையில் அவர் ஸ்பீக்கரைப் போட்டால் எங்கள் பாத்ரூம் வரை கேட்கும். தலையில் தண்ணீர் விழ விழ என் மகளும் கூடப் பாடுவாள், மேல்வீட்டுப் பாப்பாவின் பெயரைச் சொல்லி. எனக்கு வயிறு எரியும். தண்ணீர் ஊற்றுவது நான், குளிப்பது என் பிள்ளை, பாட்டு மட்டும் இன்னொருத்தியைக் கூப்பிடுகிறது.

பயமும் சேர்ந்துகொண்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மேகம் கறுத்தாலே வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிடுமென்று சாமான்களைப் பரணில் ஏற்றுகிறவள். ப்ரீகேஜி சேர்க்கப் போகும்போது பெயர் கேட்பார்களே, இவள் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால்? சீட்டே போய்விடுமே?

“இன்னா நீ, பாட்டாண்டகூடவா சண்டை போடுவே? நீயும் ஒண்ணு வாங்கிக்கோயேன்” என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

வாங்க வேண்டுமென்றால் அந்த அக்காவிடம்தான் நம்பர் கேட்க வேண்டும். பார்த்துக் காப்பியடிக்கிறாள் என்று நினைப்பாரே. அதனால் அதே மெட்டில் என் மகளின் பெயரை வைத்து நானே பாடினேன். மேல்வீட்டுப் பெயர் இரண்டெழுத்து, வழுக்கிக்கொண்டு போகும். என் மகளுடையது ஐந்தெழுத்து. கடைசி எழுத்துக்கு எனக்கு மூச்சு இருக்காது. மகள் அதற்கும் கைதட்டுவாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, வெளியே பெஞ்சில் எங்களுக்கு அடுத்து அந்த அக்காவும் பாப்பாவும்.

“என்னம்மா இவ்ளோ டென்ஷன்? எங்க பாப்பாவப் பாரு, எவ்ளோ ஜாலியா இருக்கா!”

உள்ளே கூப்பிட்டார்கள். மிஸ் பெயர் கேட்டார். என் மகள் தன் பெயரைத் திருத்தமாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

“வெரி குட். ஒரு பாட்டு பாடுவியா?”

பாடினாள். அதே குளியல் பாட்டு, அதே இரண்டெழுத்துப் பெயர்.

மிஸ் சிரித்தார். “யாருடா அது?”

“மேல் வூட்டு பாப்பா.”

“உன் பேர் வச்சுப் பாடேன்.”

“அது அம்மா பாட்டு மிஸ். அம்மாதான் பாடும்.”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “அப்படியா? பாடுங்கம்மா, கேப்போம்.”

நான் சரியாகப் பாடாவிட்டால் சீட்டு கிடைக்காதோ என்றுகூட ஓடியது புத்தி. மகள் கைதட்டத் தயாராக நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அந்த அக்காவின் புடவை ஓரம் தெரிந்தது.

கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே தொடங்கினேன்.