அழித்த விடை

பிளஸ் டூவோடு நின்றுபோன படிப்பை நாற்பது வயதுக்கு மேல் மறுபடி எடுத்தேன். தபால் வழியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ. எங்கள் மலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் கொஞ்ச நாள் அதுவே பேச்சு. "மொளகு பறிக்கிற கையி கம்ப்யூட்டரு தட்டப் போவுதாக்கும்" என்று பஸ்ஸில் என் காதுபடவே சொன்னார்கள். அதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை. என் மகள் சொன்னதுதான் தைத்தது.

அவள் நாமக்கல்லில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் ஒரு கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். நாலுக்கு நாலு கட்டம், நிறைய எண்கள். இருபரிமாண அணி என்று பாடத்தில் பெயர். எனக்கு அது கட்டம்தான். படுக்கை வரிசையில் இருக்கும் எண்கள் நெடுக்கு வரிசைக்கு வர வேண்டும். வேறு கட்டம் வைத்துக்கொள்ளாமல், அதே கட்டத்துக்குள் இடம் மாற வேண்டும்.

எழுதினேன், ஓடவிட்டேன். கொடுத்த கட்டமே அச்சுக் குலையாமல் திரும்பி வந்தது. தப்பு என்றுகூடத் திரையில் ஒன்றும் காட்டவில்லை. எத்தனை தரம் ஓடவிட்டாலும் ஓர் எண்கூட நகரவில்லை.

ஆட்டுக்குத் தழை போட எழுந்து போய் வந்தேன். லேப்டாப் முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதும்மா. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

"உன்ன யாரு போடச் சொன்னது?"

"காத்தால இருந்து இதையேதான் பாத்துட்டு இருக்கற. உனக்கு வராதும்மா, உடு."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளை நகரச் சொல்லிவிட்டு, அவள் எழுதியிருந்ததைப் படிக்காமலே மொத்தத்தையும் அழித்தேன். என்னுடையதை எடுத்துவிட்டுத்தான் அவள் எழுதியிருந்தாள். முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

"அம்மா! அது கரெக்டான ஆன்சரு!"

"தெரியும் சாமி."

கோபமாக வெளியே போய்த் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வாசலில் வந்து நின்றார். "அதான் புள்ள போட்டுக் குடுத்துச்சில்ல? அனுப்பிட்டு வேலையப் பாக்கறதுக்கென்ன?"

"இதுவுந்தானுங்க வேல."

அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

முன்பு எழுதியபடியே மறுபடி எழுதினேன். இந்த முறை, ஒவ்வோர் எண் இடம் மாறும்போதும் கட்டத்தை முழுசாகக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். திரையில் கட்டங்கள் வரிசையாக இறங்கின. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வரிசையில் இருந்த ஏழு கீழே போனது. சரி. இரண்டாம் வரிசைக்கு வந்ததும் அதே ஏழு மறுபடி மேலே ஏறிக்கொண்டது. நான் எழுதியது வேலை செய்யாமல் இல்லை. ஒரு தடவை மாற்றியதை இன்னொரு தடவை மாற்றிப் பழையபடி வைத்துக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை போகும் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு இடத்தைத் திருத்தினேன். படுக்கை வரிசையெல்லாம் நெடுக்கு வரிசையாயிற்று.

அப்போது மணி ஐந்தரை. தாமதமாக அனுப்பினால் பாதி மார்க்குதான். அனுப்பினேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "நான் போட்டதும் இதேதாம்மா. அனுப்பியிருந்தா முழு மார்க்கு."

"உனக்கு வந்திருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.