ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்கு

காருக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது இரண்டு கால்களும் ஒரு செருப்பும்தான். "சாவியத் திருப்புங்க" என்று அடியிலிருந்து குரல் வருகிறது. வண்டிக்காரர் திருப்புகிறார். "எரியல. அணைச்சிடுங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "திருப்புங்க." அவர் கையிலிருப்பது பழைய முகப்பு விளக்கின் பல்பு. இரண்டு வயர்களை அவரே அதில் பற்றவைத்திருக்கிறார்.

பட்டறையில் அவருக்குப் பெயர் அரைமணி. எந்த வண்டி வந்தாலும் "அரைமணி நேரம் குடுங்க" என்பார். காலையில் அரைமணி கேட்டவர், சாப்பாட்டை மறந்து, நான்கு மணிக்கு முதுகெல்லாம் மண்ணாக எழுந்து வருவார். வண்டிக்காரர் முறைத்தால், "பாதி முடிஞ்சிருச்சு, இன்னொரு அரைமணி" என்பார். ஐம்பது தாண்டிய ஒல்லி உடம்பு. கண்ணாடியின் ஒடிந்த காலைச் சிவப்பு வயரால் சுற்றிக் கட்டியிருக்கிறார். "இது பாசிட்டிவ் பக்கம்" என்று சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

கார்களில் மின்சாரம் சம்பந்தப்பட்ட கோளாறு எதுவானாலும் பார்ப்பார். ஆனால் மற்றவர்கள் கைகழுவிவிட்டு இவரிடம் தள்ளுவது ஒரே ஒரு கோளாறைத்தான். பெட்ரோல் தொட்டியில் எழும் ஆவி வெளியே போய்விடாமல் ஒரு கரி டப்பாவில் பிடித்துவைத்து, பிறகு எஞ்சினுக்கு அனுப்பி எரிக்கும் ஏற்பாடு காரில் உண்டு. அதற்குக் குட்டிக் குட்டி வால்வுகள், ஒரு சென்சார், வண்டியின் நீளத்துக்கும் ஓடும் வயர்கள். அதில் எங்கே பழுதானாலும் ஓட்டுபவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரியும். வண்டி என்னவோ ஜோராக ஓடும். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றே கேட்பார்கள்: "லைட்ட மட்டும் அணைச்சு விட்ருங்க, போதும்."

அந்த ஒன்றை மட்டும் அவர் செய்யமாட்டார். முதலாளியே வந்து சொன்னாலும் சரி.

"மீட்டர நம்பி மோசம் போகாதீங்க" என்பார். "வயருக்குள்ள ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டரு பன்னெண்டு வோல்ட்டுன்னு காட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு பல்ப மாட்டி வேலை குடுங்க, வண்டவாளம் வெளிய வந்துரும்." வயருக்குள் ஊசி குத்திச் சோதிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, உள்ளுக்குள்ளேயே மாவாகிவிடும். மேலே தோல் மட்டும் புதுசு போலவே இருக்கும்.

அவர் முன்பு இப்படி இருந்தவரில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் இதே விளக்கோடு வந்தார். வண்டியில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் கருவியை இவர் மாட்டிப் பார்த்தார். ஆவி வால்வின் வயர்க் கோளாறு. அன்றைக்கு வாசலில் ஆறு வண்டி நின்றது. "ஒண்ணுமில்லண்ணே. வண்டி பாட்டுக்கு ஓடும். வேலை கொஞ்சம் ஓயட்டும், பாத்துக்கலாம்" என்றார். தம்பி சொல்லிவிட்டான், அதற்குமேல் அண்ணனுக்கு என்ன வேண்டும். விளக்கு எரிய எரியவே இரண்டு மாதம் ஓட்டினார். ஒருநாள் பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

நசுங்கிய வண்டி காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, வெளியிலிருந்து பேட்டரி கொடுத்து, இவர் தனியாக அதில் கருவியை மாட்டினார். இரண்டு கோளாறுகள் பதிவாகியிருந்தன. ஒன்று, அந்த ஆவி வால்வு. மற்றொன்று, எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார். அது கெட்டால் ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடும். அது தகராறு செய்யத் தொடங்கி ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது. வண்டி சொல்லத்தான் பார்த்திருக்கிறது. சொல்வதற்கு அதனிடம் இருந்தது ஒரே விளக்கு. அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் போவதும் நின்றுபோயிற்று.

போன வாரம் ஒரு காலையில் அண்ணியே வந்து நின்றார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, தூரம், பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதில் மஞ்சள் விளக்கு.

"ரெண்டு எடத்துல காட்டிட்டேன் தம்பி. அணைச்சுக் குடுக்கறாங்க, நாலு நாள்ல திரும்ப வந்துருது."

அவர் அரைமணி கேட்கவில்லை. "உக்காருங்கண்ணி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இருக்கையைக் கழற்றினார், தரைவிரிப்பைத் தூக்கினார், வயரை விரல்நுனியால் நீவிக்கொண்டே பின்பக்கம் வரை போனார். மீட்டர் பன்னிரண்டு என்றது. பல்பு எரியவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத ஓர் ஊசித்துளையில் விரல் நின்றது. தோலைச் சீவினார். பச்சைத் தூள் கொட்டியது. கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புது வயரை இணைத்து, பல்பை மாட்டினார். வெளிச்சம் கண்ணில் அடித்தது. அதோடு விடாமல் எஞ்சினின் மற்ற சென்சார்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று மணி ஆயிற்று. அண்ணி நாற்காலியை விட்டு அசையவில்லை.

கையைத் துடைத்தபடி வந்து எதிரே நின்றார். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அண்ணன் வண்டிய நான்..."

"தெரியும். வீட்டுக்கு வந்ததுமே சொன்னாரு. தம்பி பாத்துட்டான், ஒண்ணுமில்லையாம்னு."

"அது பாதிதான் அண்ணி." மீதியைச் சொன்னார். இரண்டாவது கோளாறை, ஐநூறு கிலோமீட்டரை, அன்றைக்கே வயரைச் சரிசெய்திருந்தால் புதிதாக எரிந்திருக்கக்கூடிய விளக்கை.

உள்ளே யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றபிறகு அண்ணி சொன்னார்:

"ரெண்டு மாசம் நானும் பக்கத்துல உக்காந்து அந்த வெளக்கப் பாத்துக்கிட்டேதானே போனேன். ஒரு வார்த்தை கேக்கலையே, தம்பி."

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி. நான்தானே..."

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல வரல. இருக்கு. ஆனா எம்பொண்ணு ஓட்டப்போற வண்டிய வேற எவன்கிட்ட குடுப்பேன், சொல்லுங்க."

அவர் சாவியை நீட்டினார். அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையோடு மறுபக்கம் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அரைமணியும் ஏறினார். கதவைச் சாத்தினார். சாவி மடியில் கிடந்தது, கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தன, எதுவும் நகரவில்லை. அண்ணி எட்டி அவர் மடியிலிருந்த சாவியை எடுத்து, துவாரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, தானே செருகினார்.