நான் வேண்டாம் என்ற முழங்கால்

ஆக்லாந்தின் மனுகாவில் இருக்கும் என் கிளினிக்கில் அன்று மதியம் இரண்டரை மணிக்கு ஆறடி இரண்டங்குல உயரப் பெண் ஒருத்தி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். நான்கு மணிக்கு டிராஃப்ட். அதற்குள் அவளுடைய இடது முழங்காலைப் பற்றி நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் படித்து, ஆக்லாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. வார நாட்களில் கிளினிக். சீசன் தொடங்கிவிட்டால் ஒரு பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து அணிக்கும் நான்தான் பிசியோ. முந்தைய ஆண்டு எங்கள் அணி கடைசி இடத்தில் முடித்திருந்தது. எங்கள் லீக்கில் கடைசியாக வந்த அணிக்கு ஒரு ஆறுதல் உண்டு: டிராஃப்ட் நாளில் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வாய்ப்பு அதற்குத்தான். அந்த வருடம் முதல் வாய்ப்பில் யாரை எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. இதே ஆக்லாந்தின் மங்கரே பகுதியில் வளர்ந்த இந்தப் பெண்தான். பத்தொன்பது வயது. கூடைக்கு அடியில் அவள் நின்றால் எதிரணிக்கு வழியே கிடையாது. ஆனால் எட்டு மாதம் முன்பு இடது முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

தரையில் ஒட்டியிருந்த டேப்பிலிருந்து வலது காலால் மூன்று முறை தாவச் சொன்னேன். பூனை போல இறங்கினாள். பிறகு இடது கால். முதல் தாவலில் இறங்கும்போது முழங்கால் லேசாக உள்பக்கம் சரிந்தது. இரண்டாவதிலும் சரிந்தது, கொஞ்சம் குறைவாக. மூன்றாவது தாவல் ஏறக்குறைய சரி.

"அது நல்லா இருந்துச்சுல்ல?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றேன்.

விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை முடித்து, மின்னும் மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் அம்மா வரவேற்பறையில் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எல்லாம் ஓகேதானே?" என்றார். நான் சிரித்துத் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு சீசன்களுக்கு முன்னால் வேறொரு வீராங்கனையின் முழங்காலைப் பார்த்து நான் சரி என்று சொல்லியிருந்தேன். சோதனை எல்லாவற்றிலும் அவள் தேறியிருந்தாள். இரண்டாவது வாரப் பயிற்சியில், பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில், சும்மா திரும்பியபோது மறுபடி அறுந்தது. அந்தச் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவள்கூடச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிப் போனாள், அதன் பிறகு ஆடவில்லை. அதற்குப் பிறகு எந்த முழங்காலைத் தொட்டாலும் என் கைக்குள் அவள் முழங்காலும் இருந்தது.

மூன்று பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை நன்றாக நடந்திருக்கிறது. இடது தொடையில் வலு இன்னும் முழுமையாக வரவில்லை. படிப்படியாகப் பயிற்சி கொடுத்தால் சீசனின் பாதியிலிருந்து ஆடலாம். ஆபத்து இருக்கிறது, ஆனால் கவனமாக நடத்தினால் சமாளிக்கலாம். மூன்றரைக்குள் அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. எங்கள் அணியின் மேலாளர். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர், ஆனால் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது. நான் அவரை அண்ணா என்பேன்.

"தங்கச்சி, ரிப்போட் வந்தது. மூண்டு பக்கத்தை இப்ப ஆர் இருந்து வாசிக்கிறது? தெற்கு டீம் மற்ற லைன்ல நிக்குது. முதல் தேர்வைத் தங்களுக்குத் தந்தால் அனுபவமான பாயின்ட் கார்ட் ஒருத்தியைத் தாறம் எண்டு சொல்லுகினம். பத்து நிமிசம்தான் தந்திருக்கினம்."

பாயின்ட் கார்ட் என்றால் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். எங்களிடம் அப்படி ஒருத்தி இல்லாததும் உண்மைதான்.

"கோச் என்ன சொல்றாங்க அண்ணா?"

"கோச்சுக்கு இந்தப் பிள்ளைதான் வேணும். ஆனா முழங்காலை நினைச்சுப் பயப்பிடுறா. நீங்கள் சொல்லுறதுதான். எடுக்கலாமோ, வேண்டாமோ?"

"அப்படி ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுண்ணா. சீசன் பாதியில இருந்து…"

"முதல் மேட்சிலயே விளையாடுவாளோ?"

"அது முடியாது."

"திருப்பி அறாது எண்டு சொல்லுவீங்களோ?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப?"

வெளியே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. தசைநார் அறும் அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"வேண்டாம்ணா," என்றேன்.

"ஓம். சரி." போனை வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு, தோள்பட்டை வலியோடு வந்த பெரியவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, வரவேற்பறைக் கணினியில் நேரலையைப் பார்த்தேன். எங்கள் அணி முதல் தேர்வைக் கைமாற்றிவிட்டதாக அறிவித்தார்கள். நாட்டின் மறுகோடியில் இருக்கும் தெற்கு அணி அவள் பெயரைச் சொன்னது. கேமரா மங்கரேயில் அவள் வீட்டு வரவேற்பறைக்குப் போனது. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அப்பா அம்மா முன்னால் ஆக்லாந்தில்தான் ஆடுவேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் எதுவுமே இல்லை. அவள் அம்மாதான் முதலில் கைதட்டினார்.

எங்களுக்கு வந்த பாயின்ட் கார்டுக்கு முப்பத்தொரு வயது. அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பயிற்சிக்கு முதலில் வருவாள், கடைசியில் போவாள். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றோம். அண்ணா எனக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினார். தெற்கே அந்தப் பெண் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தோடு இதையும் எழுதுகிறேன்: அவள் ஆடவில்லை என்று தெரியும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சீசன் பாதியைத் தாண்டியதும் அவளைப் பத்து நிமிடம் இறக்கினார்கள். அடுத்த வாரம் பதினைந்து. பிறகு இருபத்தைந்து. என் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு யாரோ ஒரு வரி விடாமல் நடத்துவதுபோல இருந்தது. நாங்களோ வரிசையாகத் தோற்க ஆரம்பித்திருந்தோம். பாயின்ட் கார்ட் அழகாகப் பந்தைக் கொண்டு வருவாள். கூடைக்கு அடியில் அதை வாங்க ஆள் இல்லை.

அரையிறுதிக்குப் போக வேண்டுமானால் கடைசி ஆட்டத்தை வென்றே ஆக வேண்டும் என்ற நிலையில், ஒரு ஞாயிறு மதியம் தெற்கு அணி ஆக்லாந்துக்கு வந்தது. கிளென் ஈடனில் என் வீட்டிலிருந்து அரங்கம் பத்து நிமிடம். மழையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனால், எங்கள் அரங்கத்தில் பாதி மங்கரேயாக இருந்தது. எதிரணிக்குத்தான் கூச்சல்.

அன்று நான் பந்தைப் பார்க்கவே இல்லை. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து அவளுடைய இடது முழங்காலை மட்டும் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். எங்கள் பாயின்ட் கார்ட் உள்ளே புகுந்து எறிந்ததை அவள் தட்டிவிட்டாள். பந்து மறுபக்கம் போனது. அவர்கள் எறிந்தது கூடை விளிம்பில் பட்டு எகிற, அவள் இரண்டு பேருக்கு மேலே எழும்பி அதைப் பிடித்தாள். இடித்த வேகத்தில் உடல் சாய்ந்து, இடது காலில் மட்டும் இறங்கினாள்.

நான் எழுந்துவிட்டேன்.

முழங்கால் அசையவில்லை. நேராக நின்றது. அதே காலால் மறுபடி எழும்பிப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். இரண்டு புள்ளியில் தோற்றோம். கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உடைமாற்றும் அறைகளுக்குப் போகும் வழியில், முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். தலையைக் குனிந்தபடி கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம்னு சொன்னது நீங்கதானா?" என்றாள்.

"ஆமா."

"கைமாத்துறப்போ போன்ல காதுல விழுந்துச்சாம்னு எங்க கோச் சொன்னாங்க, நான் நம்பல. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அன்னிக்கு அம்மா காருக்குள்ள அழுதாங்க, சந்தோஷத்துல."

"முழங்காலைப் பத்தி நான் பயந்துட்டேன்."

"பயந்தா தப்பில்ல. என்கிட்டயே சொல்லியிருக்கலாம். என் முழங்கால்தானே?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையசைத்துவிட்டு, சற்று நொண்டியபடி அம்மா நின்ற பக்கம் போனாள். மன்னித்தாள் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் அந்தக் கைமாற்றத்தைப் பற்றித்தான் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை காலை நிர்வாகக் குழு எங்களைக் கூப்பிட்டது. குழுத் தலைவி, கோச், அண்ணா, நான். மேசை மேல் என் மூன்று பக்க அறிக்கை கிடந்தது.

"சீசன் பாதியிலிருந்து ஆடலாம் என்று இதில் தெளிவாக எழுதியிருக்கிறது," என்றார் தலைவி. "அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. பிறகு எப்படி இவளை விட்டோம்?"

"அது என் முடிவு," என்று அண்ணா ஆங்கிலத்தில் சொன்னார். "நேரம் இல்லை. நான் பிழையாக முடிவெடுத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்கப் பயமாகவும் இருந்தது. தலைவி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அறிக்கையில் இல்லாத ஒன்று இருக்கிறது," என்றேன். "அவர் போனில் கேட்டபோது நான் வேண்டாம் என்று சொன்னேன். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. அவர் எடுத்துக்கொண்டது என் வாய்ச்சொல்லைத்தான்."

கோச் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?" என்றார். பழைய வீராங்கனையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தத்துக்கு வந்ததும் அண்ணா கோபப்பட்டார்.

"ஏன் கதைச்சனீங்கள்? நான் சமாளிச்சிருப்பன்தானே."

"உங்க மேல பழி போறதைப் பாத்துட்டு எப்படிண்ணா சும்மா இருக்கிறது?"

"பழி என்னிலயும் இருக்கு, தங்கச்சி. நான் உங்களை ஒரு சொல்லுக்கு நெருக்கினனான். மூண்டு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அஞ்சு நிமிசம். என்னட்டைப் பத்து நிமிசம் இருந்தது." சாவியை எடுத்துக் கார் கதவைத் திறந்தார். "வாசிச்சிருக்கலாம்," என்றார்.

சீசன் முடிவில் அண்ணாவுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. எனக்கு நீட்டித்தார்கள். உண்மையைச் சொன்னவளுக்கு வேலை மிஞ்சியது, பழியை ஏற்க வந்தவருக்குப் போனது. இதை நினைத்து நான் பெருமைப்பட முடியவில்லை. அவர் இப்போது மங்கரேயில் பள்ளி அணிகளை ஒருங்கிணைக்கிறார். பார்த்தால் பேசுகிறோம், அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.

அந்தப் பெண் மறுவருடமும் தெற்கிலேயே ஆடினாள், பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனாள். அவள் முழங்கால் இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்குக் கூடைக்கு அடியில் நிற்க இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை.

இந்த வருட டிராஃப்டில் எங்களுக்கு நான்காவது வாய்ப்பு. நாங்கள் எடுக்க நினைத்த பெண்ணுக்குக் கணுக்காலில் பழைய எலும்பு முறிவு. சோதித்து முடித்ததும், வேறு யாருக்கும் போன் செய்வதற்கு முன், அவளை எதிரே உட்கார வைத்து, எனக்கு எங்கே பயம், எங்கே பயமில்லை என்பதைச் சொன்னேன். அவள் முகம் வாடியது. நான் சிரித்துச் சமாளிக்கவில்லை. பிறகு கோச்சின் அறையில் உட்கார்ந்து அதையே மறுபடி சொன்னேன். "எடுக்கலாமா?" என்று கோச் கேட்டார். அறிக்கையை முழுசாகப் படியுங்கள் என்றேன். படித்தார். அவளை எடுத்தார்கள்.

சீசன் அடுத்த மாதம். அவள் தினமும் காலையில் வருகிறாள், கணுக்காலை என் கையில் கொடுக்கிறாள். சரியாகச் சொன்னேனா என்று எனக்கு இன்னும் தெரியாது.