கடைசிப் பக்கத்திலிருந்து கட்டிய கார்

பெரில் டன்னிக்ளிஃப் யாரும் எதிர்பாராமல் வென்றவை இவை: குறைமாதத்தில் பிறந்து பூட்ஸ் பெட்டிக்குள் பஞ்சில் கிடந்தபோது, உயிர். தையல் டீச்சர் இனி இவள் வேண்டாம் என்று கைவிரித்தபின், பையன்கள் மட்டுமே படித்த இரும்புவேலை வகுப்பில் ஓர் இடம். தேவாலயச் சந்தைக் குலுக்கலில் ஒரு முழுப் பன்றித்தொடை. அந்தச் சீட்டுகூட யாரோ கீழே போட்டுவிட்டுப் போய், அவள் பொறுக்கி எடுத்தது. ஐந்தாம் முயற்சியில் ஓட்டுநர் உரிமம். கடைசியாக, வரி அதிகாரி ஒருவரின் பிடியிலிருந்து ஒரு சிவப்புக் கார்.

இந்த வரிசை அவளுடைய அண்ணன் வில்ஃப் வகுத்தது. பதினாலு வயதில் பள்ளியை விட்டு க்ரூ ரயில்வே கிடங்கில் சேர்ந்தவன். ஆணியைக்கூட இரண்டு முறை எண்ணித்தான் கொடுப்பான். தங்கையைப் பற்றி யார் எதை முன்பின்னாகச் சொன்னாலும் குறுக்கிட்டுத் திருத்துவான்.

நான்ட்விச் பால் பரிசோதனைக் கூடத்தில் பெரில் சீசா கழுவிக்கொண்டிருந்தாள். பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு மாட்டின் பாலையும் அளந்து வரும் வேலை ஒன்று காலியானது. அவள் கேட்டதும் மேலாளர் இனிமையாகச் சிரித்தார். "தாராளமா எடுத்துக்கோம்மா. சொந்தக் கார் வேணும். ஜூன் முதல் திங்கட்கிழமை காரோட வா. இல்லேன்னா சீசா எங்கயும் போயிடாது."

கடையில் நிற்கும் முழுக் காருக்கு அவளிடம் வழியில்லை. உதிரியாகப் பெட்டிகளில் வரும் காருக்கு வரி கிடையாது. வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கும் இரண்டு நிபந்தனைகள். தொழில் தெரிந்தவன் கை அதில் படக்கூடாது. பூட்டும் முறையைச் சொல்லும் புத்தகத்தைக் கம்பெனி தரக்கூடாது. கம்பெனிக்காரர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால், காரை எப்படிக் கழற்றுவது என்று சொல்லும் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

பெரில் அதைக் கடைசிப் பக்கத்தில் திறந்து வில்ஃபின் கையில் கொடுத்தாள். "நீ கீழேருந்து மேல படி. நான் பூட்டறேன்."

வில்ஃப் அரைகுறையாக எதையும் செய்கிறவன் அல்ல. கழற்று என்றால் மாட்டு. தளர்த்து என்றால் இறுக்கு. இடப்பக்கம் திருப்பித் தளர்த்து என்றால் வலப்பக்கம் திருப்பி இறுக்கு. ஆகவே இடம் என்று எங்கே வந்தாலும் வலம் என்று படிப்பதெனத் தீர்மானித்தான். ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்த பிறகே வாய் திறந்தான். இரும்பு உறுப்புகள் தவறான பக்கத்தில் உட்கார மறுத்துத் தங்களைக் காப்பாற்றிக்கொண்டன. மின்கம்பிகளுக்கு அந்த ரோஷம் இல்லை.

பெரிலுக்கு நிச்சயிக்கப்பட்ட டெஸ்மண்ட் ஒரு மெக்கானிக். வேலை முடிந்து வந்து, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்பான். தொடக்கூடாது என்பது சட்டம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவனுக்குச் சித்திரவதை.

"அந்த நட்டு அழுவுது பெரில், கேக்கலியா?"

"அழுவட்டும். உன் கை பைக்குள்ளயே இருக்கட்டும்."

"நம்ம வில்ஃப் முதல் பக்கத்துக்கு வந்துட்டானா?"

"வந்துட்டேன்," என்றான் வில்ஃப் நெற்றியைச் சுருக்கி. "'ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பூனையை வெளிய விரட்டவும்'னு போட்டிருக்கு."

பெரில் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்கிவந்து ஓட்டுநர் இருக்கையில் வைத்தாள். "ஆச்சு. கார் முடிஞ்சுது."

அந்த ஜூன் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மதியம், பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டமும் ஊறுகாய் வெங்காயமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வரி அலுவலகத்திலிருந்து மிஸ்டர் ப்ளெங்கின் வந்தார். தொப்பியைக் கழற்றினார். பளபளத்த காரைப் பார்த்தார். பிறகு டெஸ்மண்டின் கைகளைப் பார்த்தார். கராஜிலிருந்து நேராக வந்திருந்ததால் முழங்கை வரை கரி.

"இவர் என்ன தொழில் பண்றார், மிஸ்?"

"மெக்கானிக். ஆனா இவர் கை இங்க வெங்காயத்து மேல மட்டும்தான் பட்டுது சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வரி போட வேண்டியதுதான். கட்டற வரைக்கும் கார் ரோட்டுக்கு வரக்கூடாது."

வில்ஃப் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். வரி விழுந்தால் திங்கட்கிழமைக்குக் கார் இல்லை. கார் இல்லையென்றால் சீசாதான்.

"நாந்தான் பூட்டினேன்," என்றாள் பெரில்.

"அப்போ என் கண்ணு முன்னால அந்தச் சக்கரத்தைக் கழட்டிக் காட்டுங்க."

"கழட்டவா? அது எனக்குத் தெரியாது சார். நான் கீழேருந்து மேல மட்டும்தான் படிச்சிருக்கேன்."

ப்ளெங்கின் சிரிக்கவில்லை. "சரி, ஓட்டியாவது காட்டுங்க."

அவள் ஓட்டினாள். முதல் திருகலிலேயே கிளம்பிய கார் சந்து முனைவரை அழகாகப் போனது. இடப்பக்கம் திரும்பப்போவதைக் காட்டும் விளக்குப் பிடியைத் தட்டினாள். வலப்பக்க விளக்கு மினுக்கியது. கார் இடப்பக்கம் திரும்பியது. எதிரே வந்த ரொட்டி வண்டிக்காரர் நடைபாதையில் ஏறி நின்று, தேவாலயத்துப் பக்கம் கேட்காத வார்த்தைகளைச் சொன்னார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வலப்பக்கம் திரும்ப இடப்பக்கம் மினுக்கிக்கொண்டே பெரில் வாசலில் நிறுத்தினாள். சிரிப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ப்ளெங்கின் மெதுவாக டெஸ்மண்டின் பக்கம் திரும்பினார். டெஸ்மண்ட் பல் பிடுங்கியவன்போல் நின்றுகொண்டிருந்தான்.

"இது உங்க வேலையா?"

"சார், இதை நான் செஞ்சேன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு இந்த ஜில்லாவுல ஒருத்தன் சைக்கிள் ரிப்பேருக்குக்கூடத் தரமாட்டான். வேணும்னா வரி போடுங்க. இந்தப் பழியைப் போடாதீங்க."

அந்த முகத்தில் இருந்த வேதனையை எந்த நடிகனாலும் கொண்டுவர முடியாது. ப்ளெங்கினின் மீசை ஆடியது.

வில்ஃப் முன்னால் வந்தான். "தப்பு ஒண்ணும் இல்ல சார். புத்தகப்படி, சரியா தலைகீழா செஞ்சது. வேணும்னா வரிக்கு வரி படிச்சுக் காட்டறேன்."

"வேண்டாம் மிஸ்டர் டன்னிக்ளிஃப். தொழில் தெரிஞ்சவன் கை படலை. அது சந்துக்கே தெரிஞ்சுபோச்சு." அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ரோட்டுக்குப் போறதுக்கு முன்னால அந்தக் கம்பியை மட்டும் மாத்திடுங்க மிஸ். ரொட்டிக்காரருக்குப் பிள்ளைகுட்டி இருக்கும்."

சந்து முனையில் அவர் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்ததை வில்ஃப் ஜன்னல் வழியே பார்த்தான். தன் வேலையைக் கண்டு வியந்துதான் சிரிக்கிறார் என்று அவன் இன்றுவரை நம்புகிறான்.

கம்பிகளைப் பெரிலே மாற்றினாள். வில்ஃப் அதே பக்கத்தை, முதன்முறையாக மேலிருந்து கீழே, உள்ளது உள்ளபடி படித்தான்.

திங்கட்கிழமை காலை முதல் பண்ணை. வண்டித் தடத்தின் மேட்டில், தரையோடு ஒட்டிய அந்தக் குட்டைக் காரின் வயிறு உரச, உரச அவள் முற்றத்துக்குள் வந்து நின்றாள். கறந்த வாளியோடு வந்த பண்ணைக்காரர் கீழே குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, மீதிக் கார் பின்னால வருதா?"

"மேலேருந்து பாத்தா மாட்டு மடி தெரியாதுங்க. அதான் தாழ்வா கட்டினேன்."

முப்பது மாடுகளின் பாலையும் அளந்து, சீசாக்களில் ஊற்றி மூடினாள். அவற்றைக் கழுவப்போவது வேறொருத்தி. அளவுத்தாளின் அடியில், பால் அளப்பவர் என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே, பெரில் மே டன்னிக்ளிஃப் என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 1967 ஜூன் 5.