பையருக்கு எழுதிய மாதிரி

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் அடித்தே பழகிய கம்பெனிக் கை என்னுடையது. தேடுபொறிகள் புதிதாக வந்த காலத்தில், அவிநாசி ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ‘டியர் சார், என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய், தயவுசெய்து வழி சொல்லவும்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். கடிதம் எழுதுவது எப்படி என்று பக்கம் பக்கமாக வந்தது.

“அண்ணா, அதுக்கு மரியாதையெல்லாம் தெரியாதுங்க. நோவு பேரை மட்டும் போடுங்க” என்று சிரித்தார் கடைக்காரர்.

போட்டேன். முதல் பக்கத்தில், பிழைப்பவர்கள் குறைவு என்று படித்ததும் எழுந்துவிட்டேன்.

“கம்ப்யூட்டர் என்னங்க சொல்லுச்சு?” என்றாள் வீட்டில் மனைவி.

“அதுவும் பையர் மாதிரிதான். பதில் போடாம இழுத்தடிக்குது.”

சிரித்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட, “பதில் வந்துருச்சுங்களா?” என்று கேட்டாள்.

இப்போது அதே கடிதத்தைச் செல்போனில் அடித்தால், புது மருந்துகளோடு உடனே பதில் வருகிறது. ‘வந்துருச்சு’ என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்ல வாயெடுக்கிறேன்.