கம்பளத்தை விசாரித்தேன்

மகள் கட்டப்போகிற பெடியன் ஈரான்காரன். சம்பந்தம் பேச வந்த அன்று அவனுடைய தாய் ஒரு கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் வரவேற்பறையில் விரித்தார். சிவப்பு நிறம், நடுவில் மூன்று கட்டங்கள், ஓரத்தில் ஆடா நாயா என்று சொல்ல முடியாத பிராணிகள். மலைகளில் மந்தையோடு இடம்விட்டு இடம் போகிற சனம் கையால் நெய்தது என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி காலால் தடவிப் பார்த்து, நல்ல மெத்தென்று இருக்கிறது என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் என்றால் நாலு பேரிடம் விசாரித்து, அடி நுனி அறிந்த பிறகுதான் சம்பந்தத்திற்கு வாய் திறப்போம். ஈரானில் எனக்கு யாரைத் தெரியும்? அகப்பட்டது இந்தக் கம்பளம்தான்.

ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடமாகக் கார் உதிரிப்பாகங்களின் அளவு சரிபார்க்கிறவன் நான். அவர்கள் படியிறங்கியதும் அளவு நாடாவை எடுத்தேன். ஒரு தலைப்பு மற்றதைவிட ஐந்து சென்டிமீட்டர் அகலம். பாதிக்கு மேல் சிவப்பும் வெளிறிச் செங்கல் நிறமாகியிருந்தது. கழித்துவிட்ட சாமானை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். கம்பளத்திலேயே இப்படி என்றால் பெடியனில் எதை மறைத்திருப்பார்கள்? இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஓர் ஆதாரம்தான் தேவைப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை, மகள் வெளியில் போன நேரம் பார்த்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கம்பளக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. புரட்டிப் போட்டு முடிச்சுகளை விரலால் தடவினார். நான் கோணலைக் காட்டினேன். நிலத்தில் நாலு முளை அடித்து நெய்வார்களாம். மந்தை நகரும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டிக்கொண்டு போய், புது இடத்தில் திரும்ப அடிப்பார்களாம். இழுவை மாறினால் அகலம் மாறும், அங்கே சாயமிட்ட கம்பளியின் சிவப்பும் மாறும் என்றார். இது விற்க நெய்ததில்லை, வீட்டுக்கு நெய்தது, யார் தந்தார்கள் என்று கேட்டார். அவரும் ஈரான்காரர். தன் ஆட்களை விட்டுக்கொடுப்பாரா என்று யோசித்தபடியே வீடு திரும்பினேன்.

வரவேற்பறையில் மகள் வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தாள். கடைக்குக் கொண்டுபோனதை ஒப்புக்கொண்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"அது மாமியின்ரை கலியாணத்துக்கு அவவின்ரை அம்மா நெய்து குடுத்தது, அப்பா. எங்களைப் பற்றி அவை ஆரிட்டையும் ஒண்டும் விசாரிக்கேல்லை."

வெட்கமாக இருந்தது. கம்பளத்தை விரித்து, மூலைகளை இழுத்துவிட்டேன். பெடியன் வேலை செய்கிற இடத்திலும் ஒருவரைப் பிடித்து விசாரிக்கச் சொல்லியிருந்தேன். அது மகளுக்குத் தெரியாது. விட்டுவிடுங்கள் என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது.